அத்தானின் மான்

மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்ற விஷயம் எனக்கு ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிய வந்தது. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாதாம். சொன்னவர் என் அத்தான், அக்காவின் புருஷன் அன்ரன். சொன்ன இடம், எசன் நகரத்தில் அக்கா வீட்டுக் குளியலறை வாசல்.

"மச்சாள், நல்லாத் தோய்ஞ்சுபோட்டு வாங்கோ. வாசம் இல்லாத சவர்க்காரம் உள்ளுக்கு வைச்சிருக்கிறன். மான் அரைக்கட்டை தூரத்திலையே மோந்து பிடிச்சிடும்."

நான் மன்னாரில் இருபத்தெட்டு வருடமாக விலங்கியல் படிப்பிக்கிறவள். மானின் மூக்கைப் பற்றிப் பரீட்சைத் தாளில் கேள்வி போட்டிருக்கிறேன். ஆனால் அந்த மூக்குக்காக நான் முழுக வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

உண்மையில் நான் ஜேர்மனிக்கு வந்தது அக்காவின் முழங்காலுக்காக. சத்திரசிகிச்சை முடிந்து அவள் எழும்பி நடக்கும் வரை சமைத்துப்போட, மூன்று மாத விசாவில் வந்திருந்தேன். மூன்றாவது கிழமை அவளுக்கு என்னைப் பார்க்கவே அலுத்துவிட்டது. "சனி ஞாயிறு மகள் வந்து நிக்கிறாள். நீ இவரோடை போட்டு வா. இல்லாட்டி என்ரை குசினி எனக்குத் திரும்பிக் கிடைக்காது" என்றாள். எனக்கும் புதினம் பார்க்க ஆசைதான். வேண்டாம் என்று ஒரு தடவை மட்டும் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நெடுஞ்சாலையில் ஏதோ விபத்து. வாகனங்கள் எல்லாம் நின்றுவிட்டன. நின்றது பெரிதில்லை. நின்ற கையோடு இடது வரிசைக்காரர் இடது ஓரமாகவும் மற்றவர்கள் வலது ஓரமாகவும் ஒதுங்கி, நடுவில் அம்புலன்ஸ் போக ஒரு வழி விட்டார்கள். யாரும் விசில் ஊதவில்லை. அம்புலன்ஸ் போன பிறகும் முக்கால் மணித்தியாலம் அந்த வழி வெறுமையாகக் கிடந்தது, ஒருவரும் நுழையவில்லை. எங்கள் ஊரென்றால் அதற்குள் இரண்டு ஓட்டோவும் ஒரு மினிபஸ்சும் போயிருக்கும், மினிபஸ் கொண்டக்டர் மிச்சப் பேரையும் வரச்சொல்லிக் கூப்பிட்டிருப்பான்.

அந்த முக்கால் மணித்தியாலத்தில்தான் அத்தான் தன் கதையைச் சொன்னார். அவர் எண்பதுகளில், இருபது வயதில், கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். முப்பது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் மாடும் பன்றியும் வெட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐம்பத்தெட்டு வயதில், மூன்றாவது தடவையாக எழுதி வேட்டைக்காரர் சோதினையில் சித்தியடைந்தார். மரம், மிருகம், துவக்கு, நாய், சட்டம் என்று தலையணை அளவு புத்தகம், எல்லாம் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில்.

"சோதினை பாஸ் பண்ணினாலும் காணாது, மச்சாள். காடு ஒருத்தற்றை பொறுப்பிலை இருக்கும். அவை கூப்பிட்டால்தான் போய்ச் சுடலாம். நாங்கள் இப்ப போறது உர்சுலா எண்டு ஒரு மனுசியின்ரை காட்டுக்கு. அதிலை ஒரு இடம் காலியாக் கிடக்கு. மூண்டு பேர் கேட்டிருக்கிறம். ஒவ்வொருத்தரையா ஒரு சனி ஞாயிறு கூப்பிட்டுப் பாக்கிறா. பிடிச்சால் ஒரு கடதாசி எழுதித் தருவா. அது கையிலை இருந்தால் நினைச்ச நேரம் போகலாம், வரலாம். ஒருத்தரும் கேக்க ஏலாது."

"கேட்டவையே?"

"ஓம். போன வருஷம் வேறை ஒருத்தற்றை காட்டுக்கு விருந்தாளியாப் போனனான். துவக்கோடை என்னைக் கண்ட ஒரு மனுசன் பொலிசுக்குப் போன் அடிச்சுப்போட்டார். உடுப்பெல்லாம் இலையும் குழையுமா நிண்டு கடதாசி எல்லாம் காட்டினனான்."

பிறகு அதைவிடப் பழைய கதை ஒன்றைச் சொன்னார். அகதி விண்ணப்பம் போட்டிருந்த காலத்தில் தங்கள் மாவட்டத்தைத் தாண்டி அவர்கள் போகக் கூடாதாம். பக்கத்து மாவட்டத்தில் சிநேகிதனின் கலியாணத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது ரயிலில் பிடிபட்டிருக்கிறார். "எங்கடை முகாம் சன்னலாலை பாத்தால் ஒரு காடு தெரியும். அது மற்ற மாவட்டம். நாலு வருஷம் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். அதற்குள் முன்னால் வழி விட்டது, வாகனங்கள் நகரத் தொடங்கின.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வழிகாட்டும் கருவிக்குப் பைத்தியம் பிடித்தது. வலப்பக்கம் திரும்பு என்று ஒரு வயல் பாதையில் இறக்கிவிட்டு, நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அறிவித்தது. முன்னால் நாலு மாடுகள் நின்றன. பின்னால் எடுக்கப்போய்ச் சக்கரம் சேற்றில் புதைந்தது. அத்தானின் முகம் தொங்கிப்போனது. சோதித்துப் பார்க்கக் கூப்பிட்ட இடத்துக்கு நேரம் பிந்திப் போவது இந்த நாட்டில் பெரிய குற்றம். கடைசியில் ஒரு டிராக்டர் வந்து சங்கிலி போட்டு இழுத்தது. ஓட்டி வந்தது எழுபது வயது மதிக்கத்தக்க, கட்டைத் தலைமயிரும் பச்சைச் சட்டையுமான ஒரு மனுஷி. இறங்கி வந்து அத்தானுக்குக் கை கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவர்தான் உர்சுலா.

உர்சுலா புருஷனை இழந்தவர். தனியாகப் பண்ணை பார்க்கிறார். சோளக் காணியும் புல்வெளியும் பின்னால் ஊசியிலைக் காடும் அவருடையவை. வீட்டுச் சுவர் முழுக்க மான் கொம்புகள், ஒவ்வொன்றின் கீழும் திகதி. இராச் சாப்பாடு என்று பாணும் வெண்ணெயும் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளும் ஊறிய வெள்ளரிக்காயும் வந்தன. எல்லாம் ருசிதான். ஆனால் சூடாக எதுவும் இல்லாத சாப்பாட்டை என் வயிறு சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல காலம், அக்கா இறைச்சி ரோல்ஸ் கட்டித் தந்திருந்தாள். உர்சுலா ஒன்றைக் கடித்தார். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. துடைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தார்.

சாப்பிட்ட பிறகு அவர் மேசையில் கையை ஊன்றி அத்தானுக்குச் சில விஷயங்கள் சொன்னார். அத்தான் எனக்கும் மொழிபெயர்த்தார். ஒரு வயதுக் கிடாய் மட்டும் சுடலாம். குட்டி பின்னால் நிற்கும் தாயைச் சுட்டால் இந்தப் படலைக்குள் மறுபடி கால் வைக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் விரலை உயர்த்திச் சொன்னார். "சுட்ட பிறகு நடந்ததை நடந்தபடி எனக்குச் சொல்ல வேண்டும். தவறவிட்டால் தவறவிட்டேன் என்று சொல். கோபிக்க மாட்டேன்." பள்ளிக்கூடத்தில் நானும் இதைத்தான் சொல்கிறேன், ஆனால் நான் கோபிப்பேன்.

சனிக்கிழமை காலை காணியைச் சுற்றிக் காட்டினார். காட்டுப்பன்றி உழுதுபோட்ட சோளக் காணி, மான் உரசித் தோல் உரித்த இளமரம், ஈரமண்ணில் ஆட்டுக்குட்டியின் குளம்பு போன்ற அடிகள். இங்கத்தைய மான் நம் புள்ளிமான் மாதிரி இல்லை. புள்ளி கிடையாது, வெள்ளாட்டு உயரம், பின்பக்கத்தில் மட்டும் வெள்ளைத் துணி ஒட்டியது மாதிரி ஒரு அடையாளம். வன்னியில் வேட்டைக்குப் போகிறவர்கள் நாயோடு போவார்கள், இறைச்சி தேக்கிலையில் சுற்றி வீட்டுக்கு வரும், யார் சுட்டது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே கிடாய் எத்தனை, தாய் எத்தனை என்று எழுதிவைத்துத்தான் சுடுகிறார்கள். வேட்டை அலுவலகம் மாதிரி நடக்கிறது.

வயலோரப் பாதையில் ஒரு இளம் தாயும் நாலைந்து வயதுப் பெண்பிள்ளையும் வந்தார்கள். "அம்மா, வேட்டைக்காரர்!" என்று பிள்ளை கத்தியதை அத்தான் சிரித்தபடி எனக்குச் சொன்னார். தாய் அத்தானை ஒரு தடவை பார்த்து, பிறகு உர்சுலாவைப் பார்த்து, பிறகு சிரித்தாள். தினமும் இந்தப் பாதையால்தான் பிள்ளையோடு நடப்பாளாம். பிள்ளை எனக்கு ஒரு கொட்டையைத் தந்துவிட்டுப் போனது.

பின்னேரம் ஐந்து மணிக்கு என்னையும் அத்தானையும் பரணில் ஏற்றிவிட்டு உர்சுலா காட்டின் மறுபக்கத்துப் பரணுக்குப் போய்விட்டார். ஏணி வைத்து, கூரை போட்டு, மூன்று பக்கம் பலகை அடித்த பரண். இருமக் கூடாது. பேசக் கூடாது. பலகை முனகும் என்பதால் அசையவும் கூடாது. நான் ஆசிரியை. ஒன்றரை மணித்தியாலம் பேசாமல் இருந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. செபமாலையை எடுக்கலாம் என்று பார்த்தேன், மணி சத்தம் போடும் என்று அத்தான் கண்ணால் தடுத்தார்.

முதலில் ஒரு முயல் வந்தது. பிறகு ஒரு தாய் மானும் குட்டியும் சோளத்தாள் நடுவே வந்து நின்றன. அத்தான் துவக்கைத் தொடவே இல்லை. அவை போய்க் கொஞ்ச நேரத்தில், வெளிச்சம் மங்கும் வேளையில், காட்டோரத்திலிருந்து தனியாக ஒரு சின்னக் கிடாய் வந்தது. விரல் நீளக் கொம்பு. அத்தான் தூரக்கண்ணாடியால் பார்த்தார், மறுபடி பார்த்தார், துவக்கை மெல்லப் பலகையில் வைத்துக் குறி பார்த்தார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிவிட்டேன். புதினம் பார்க்க வந்தவள் புதினத்தைப் பார்க்கவில்லை.

வெடிச் சத்தத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்தபோது கிடாய் இல்லை. துள்ளிக் காட்டுக்குள் ஓடிவிட்டதாம். அத்தான் தூரக்கண்ணாடியை இறக்கினார். "பட்டது மச்சாள். எங்கை பட்டதெண்டுதான் தெரியேல்லை." உடனே இறங்கக் கூடாதாம். கால் மணித்தியாலம் அப்படியே இருந்தோம். பிறகு அவர் இறங்கிப்போய், மான் நின்ற இடத்தைத் தேடிப்பிடித்து, அந்த மங்கலில் குனிந்து பார்க்க நிற்காமல், ஒரு தேவதாருக் கொப்பை முறித்து அடையாளமாக நட்டார். அந்தப் பள்ளத்தில் தொலைபேசிக்கு அலை இல்லை. "கைவிளக்கு உர்சுலாவிட்டைதான். ரோட்டுக்கு ஜீப்பிலை வருவா, கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் ஏணியடியிலை நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அரைவாசி ஓட்டமாகப் போனார்.

நான் ஏணியடியில் நின்றேன். இரண்டு நிமிடம் நின்றேன். பிறகு போய்ப் பார்த்தேன்.

கொப்பு நட்டிருந்த இடம் வயலோரப் பாதையிலிருந்து பத்தடிதான். வெட்டிய சோளத்தாளில் நாலைந்து மயிரும், கைப்பிடியளவு இரத்தமும். கறுத்த சிவப்பு. மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன், விலங்கியல்காரி குனியாமல் இருப்பாளா? காலையில் அந்தப் பிள்ளை இந்தப் பாதையால் வரும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்த மறுநாள், பள்ளிக்கூடத்து மணி அடிக்க முதல், பிள்ளைகள் வரும் வழியில் கிடந்ததையெல்லாம் மண் போட்டு மூடியவள் நான். பல நாள் செய்திருக்கிறேன். அந்த வேலைக்கு என் கால் யோசிப்பதில்லை. இங்கேயும் காலால் மண்ணைத் தள்ளி மூடி, போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றி, மிதித்து மட்டப்படுத்தினேன். கொப்பை மட்டும் தொடவில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஏணியடிக்குத் திரும்பினேன்.

உர்சுலா கைவிளக்கோடு வந்தார். கொப்பைக் கண்டார், முழந்தாளிட்டார், வெளிச்சத்தை அங்கும் இங்கும் ஆட்டினார். பிறகு நிமிர்ந்து அத்தானிடம் ஏதோ கேட்டார். அத்தான் அந்த இடத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"மச்சாள், இதைத் தொட்டனீங்களே?"

"ஓம். நான்தான் மண் போட்டு மூடினனான். காலமை அந்தப் பிள்ளை…"

அத்தான் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார். உர்சுலா பக்கம் திரும்பி டொச்சில் ஒரு சின்ன வசனம் சொன்னார். உர்சுலா மறுபடி கேட்டார். அத்தான் தலையாட்டினார். இன்னொன்று கேட்டார். அத்தான் கையை விரித்தார். எனக்குப் பாஷைதான் தெரியாது, முகம் தெரியும். முப்பது பிள்ளைகளை வரிசையில் நிற்பாட்டி யன்னலை உடைத்தவர் யார் என்று கேட்கிற என் முகம் அந்த மனுஷியின் முகத்தில் இருந்தது.

ஜீப்பில் பண்ணைக்குத் திரும்பினோம். பண்ணை முற்றத்தில் இறங்கியதும் அத்தானை மடக்கினேன்.

"என்ன சொன்னனீங்கள் அவவுக்கு?"

"நான்தான் மூடினனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"இரத்தத்தின்ரை நிறத்தைப் பாத்துத்தான் மச்சாள் எல்லாம். எங்கை பட்டது, எவ்வளவு நேரம் பொறுக்கிறது, நாயை எப்ப கூப்பிடுறது. சும்மா இரத்தம் இல்லை அது. இஞ்சை சட்டம் கடுமை. விசாவிலை வந்த ஆள் அதிலை கை வைச்சது எண்டு எங்கையும் எழுதினால்? எழுதமாட்டினம்தான். எனக்கும் தெரியும். ஆனால் வாய் முந்திச்சுது."

நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்து, குடியுரிமை எடுத்து, பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்கிய மனிதர். இன்னமும் விசா என்றால் வாய் முந்துகிறது. என் மேல் எனக்கு வந்த கோபத்தை அவர் மேல் காட்டினேன். "நீங்கள் ஏன் எனக்காகப் பொய் சொல்லுறியள்? நான் என்ன குழந்தையே?" என்றேன். அவர் துவக்கைத் துடைக்கப் போனார். நிறம் தெரியாததால் இப்போது தேடினால் காயப்பட்ட மிருகத்தை இன்னும் விரட்டியதாகிவிடும் என்று உர்சுலா முடிவெடுத்துவிட்டாராம். விடிய ஏழு மணிக்கு மோப்ப நாய்க்காரரோடு ரெர்மின், நேரம் குறித்தாயிற்று.

ஞாயிறு விடிந்தது. பூசை இல்லாத ஞாயிறு. அத்தான் முற்றத்தில் நிற்கும் நேரம் பார்த்து நான் குசினிக்குள் போனேன். உர்சுலா முட்டை அவித்துக்கொண்டிருந்தார். என் தொலைபேசியில் அக்காவின் மகள் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி போட்டுத் தந்திருந்தாள். நம் பேச்சுத் தமிழ் அதற்கு விளங்காது. "நான்தான் மூடினனான்" என்று சொன்னால் வேறென்னவோ எழுதுகிறது. ஆகவே வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "இரத்தத்தை மண்ணால் மூடியவர் நான். அவர் அல்லர். பாதையில் வரும் குழந்தை பார்க்கக் கூடாது என்று மூடினேன். என்னை மன்னிக்கவும்." தொலைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அதை டொச்சில் ஒப்புவித்தது. உர்சுலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை போடு என்று சைகை காட்டினார். கேட்டார். "குட்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். முட்டையை என் முன்னால் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த முட்டை எனக்கு இறங்கவில்லை.

நாய்க்காரர் டீற்றர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நாய் செம்மண் நிறம், தொங்கு காது. பத்து மீற்றர் நீளத் தோல்வாரில் கட்டியிருந்தார். அது நேராக நான் மூடிய இடத்துக்கு வந்தது, மூக்கை வைத்தது, முன்காலால் இரண்டு தரம் விறாண்டியது. மண்ணுக்குக் கீழே கறுத்துக் காய்ந்தது தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்தபடி காட்டுக்குள் இழுத்தது. நாங்கள் முள்ளும் பற்றையும் கிழிக்கப் பின்னால் போனோம். முந்நூறு அடிகூட இருக்காது. ஒரு பற்றைக்குக் கீழே கிடாய் படுத்திருந்தது, நித்திரை மாதிரி. செத்து வெகுநேரமாகிவிட்டது.

டீற்றர் குனிந்து காயத்தைப் பார்த்தார். ஈரலில் பட்டிருக்கிறது, ஓடிப் படுத்துச் சில நிமிடத்திலேயே முடிந்திருக்கும் என்றார். அத்தான் பக்கத்தில் முழந்தாளிட்டு வயிற்றில் கை வைத்தார், மணந்து பார்த்தார். முப்பது வருடம் இறைச்சியோடு இருந்தவர். "இறைச்சி பழுதாப் போச்சுது, மச்சாள். உடனை திறந்து குடலை எடுத்திருக்க வேணும். இதை ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது" என்றார். ஒரு முழு மிருகம். பசி தெரிந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது.

உர்சுலா ஒரு தேவதாருக் கொப்பை முறித்தார். ஒரு துண்டை மானின் வாயில் வைத்தார். கடைசிக் கவளமாம். செத்தவர் வாயில் நம்மவர்கள் போடும் வாய்க்கரிசிதான் எனக்கு ஞாபகம் வந்தது, இவர்கள் அதைச் சுட்ட மிருகத்துக்குச் செய்கிறார்கள். இன்னொரு துண்டைத் தொப்பியில் வைத்து அத்தானிடம் நீட்டி வேட்டைக்காரர்களின் வாழ்த்தைச் சொன்னார். அத்தான் தாழ்ந்த குரலில் நன்றி சொல்லி வாங்கினார். அதிலிருந்து ஒரு சின்னக் கிளையைப் பிரித்து டீற்றருக்குக் கொடுக்க, டீற்றர் அதை நாயின் கழுத்துப் பட்டியில் செருகினார். எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார்கள். எனக்குக் கழற்றத் தொப்பி இல்லை, சிலுவை போட்டுக்கொண்டேன்.

பாதைக்கு வந்ததும் உர்சுலா ஜீப்பின் பின்பக்கத்தில் உட்கார்ந்து அத்தானிடம் பேசத் தொடங்கினார். பேசும்போது ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, என்னைக் காட்டி, அவளுக்கும் சொல் என்றார். தனக்கு வந்த தீர்ப்பைத் தானே மொழிபெயர்க்கும்படி ஆயிற்று அத்தானுக்கு.

"அவ சொல்லுறா… நீங்கள் காலமை சொல்லிப்போட்டீங்களாம்." என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அவவுக்கு நேற்றே தெரியுமாம். மண்ணை மிதிச்சிருந்தது சின்னக் காலாம்."

"மூடினது தெரியாமல் செய்ததாம். அதுக்குக் கோவம் இல்லையாம்."

அடுத்த வசனம் நீளமாக இருந்தது. அத்தான் தொப்பியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். உர்சுலா காத்திருந்தார்.

"நான் பொய் சொன்னதுதான் பிழையாம். உண்மையைச் சொல்லியிருந்தால் நிறத்தை உங்களிட்டைக் கேட்டிருப்பாவாம். நீங்கள் கிட்ட நிண்டு பாத்தனீங்கள் எல்லே. கறுத்த சிவப்பெண்டு சொல்லியிருந்தால் ஈரல் எண்டு விளங்கியிருக்குமாம். ரண்டு மணித்தியாலம் பொறுத்து, ராவே எடுத்திருக்கலாமாம். இறைச்சியும் பழுதாகியிராதாம்."

அது சரிதான். அந்த நிறம் முழுவதும் என் கண்ணில் இருந்தது. கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

"இந்த வருஷம் கடதாசி தரமாட்டாவாம்" என்று அத்தான் முடித்தார். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. பிறகு தன்னுடைய வசனமாக ஒன்றைச் சொன்னார்: "அவ சொல்லுறது நியாயம்." அடுத்த புரட்டாதியில் விருந்தாளியாக வந்து மறுபடி கேட்கலாம் என்று உர்சுலா சொன்னதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

டீற்றர் நாயை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உர்சுலா ஜீப்பில் ஏறும் நேரம் அத்தான் கிட்டப் போய், தொப்பியைக் கையில் பிடித்தபடி, எதையோ தயங்கித் தயங்கிக் கேட்டார். உர்சுலா புரியாதவர் மாதிரி அவரைப் பார்த்தார். பிறகு கையால் காட்டையும் வயலையும் பாதையையும் ஒரு வீச்சாகக் காட்டி, ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தார்.

"என்ன கேட்டனீங்கள்?" என்றேன்.

அத்தான் துவக்கை வெறுமையாக்கி, உறைக்குள் போட்டு, பாதையோரம் நிறுத்தியிருந்த எங்கள் காருக்குள் வைத்துப் பூட்டினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"துவக்கு இல்லாமல், சும்மா நடக்க மட்டும் இடைக்கிடை வரலாமோ எண்டு கேட்டனான்."

"என்னவாம்?"

"அதுக்கு ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லையாம். இந்த நாட்டிலை காட்டுக்குள்ளை ஆரும் எப்பவும் நடக்கலாமாம்."

"உங்களுக்கு அது தெரியாதே? சோதினைக்குப் படிச்சிருப்பியளே?"

"படிச்சனான், மச்சாள். அந்தக் கேள்வி வந்தது, சரியாவும் எழுதினனான்." தொப்பியை வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பினார். "எனக்கெண்டு ஒரு ஆள் வாயாலை சொல்லிக் கேட்டது இண்டைக்குத்தான்."